பழகுநரை எப்போது சாரத்தில் ஏற்றலாம்?

கேள்வி: சிறிய அளவில் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். கொத்து வேலைக்கு ஒருவன், சென்ட்ரிங்கிற்கு (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும் அமைக்கும் வேலை) ஒருவன், ஒயரிங்குக்கு ஒருவன் என மூன்று பையன்களைப் பழகுநர்களாகச் சேர்த்திருக்கிறேன். ஒயரிங் பையனுக்கு 20 வயது, சென்ட்ரிங் பையனுக்கு 19, கொத்து பழகுபவனுக்கு 17. சேர்ந்த அன்றே ஹெல்மெட், ஷூ, கையுறை எல்லாம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவது வாரம் ஒயரிங் பையன் ஏணி சறுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். அடுத்த வாரம் சென்ட்ரிங் பையன் கம்பி வெட்டும்போது கிரைண்டர் டிஸ்க் உடைந்து முன்கையைக் கிழித்துவிட்டது. மெஷினில் கார்டு (டிஸ்க்கை மூடும் தடுப்புத் தகடு) இல்லை, டிஸ்க் பெரிய மெஷினிலிருந்து கழற்றிய பழையது என்று பிறகுதான் தெரிந்தது. இத்தனைக்கும் ஒரு தடவை காட்டினாலே பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரன் அவன். எத்தனை மாதம் கழித்து இவர்களைச் சாரத்தில் ஏற்றலாம்? வேலை தாமதமாகாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது? வெட்டுப்பட்டவனை மறுபடி கிரைண்டர் பக்கம் விடலாமா?

பதில்: மாதக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கீழே நின்று கலவை போட்ட பையன், சாரத்தில் கால் வைக்கும் அன்று அந்த வேலைக்குப் புத்தம் புதியவன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதத்தில்தான் அதிகம் அடிபடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அந்த 'முதல் மாதம்' ஆளுக்கு ஒருமுறை வந்து போவதல்ல. புது மெஷின், புது உயரம், புது இடம் ஒவ்வொன்றுக்கும் அது மறுபடி தொடங்குகிறது. எனவே 'இவன் சேர்ந்து எத்தனை நாளாயிற்று' என்று பார்க்காமல், 'இந்த வேலையை என் கண்முன்னே, நான் வாய் திறக்காமல், சரியாகச் செய்து காட்டியிருக்கிறானா' என்று பாருங்கள். மூன்று பையன்களுக்கும் மூன்று விதமான பதில் வரும். ஒரே பையனுக்கே ஏணிக்கு ஒரு பதிலும் கிரைண்டருக்கு ஒரு பதிலும் வரும்.

முதல் நாள் ஒரு மணி நேரப் பேச்சில் தவறில்லை. ஆனால் அதில் தங்குவது மிகக் கொஞ்சம். புது இடத்தில், மூத்தவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் எதற்கும் தலையாட்டத்தான் செய்வான். 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும் துணிச்சல் முதல் நாளில் யாருக்கு வரும்? அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 'இப்போது நான் சொன்னதை நீ எனக்குச் சொல்' என்று கேளுங்கள். எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதல் நாளில் எல்லா ஆபத்தையும் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்தெந்த இடத்துக்குப் போகக் கூடாது, யார் சொன்னால் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பவை போதும். அவற்றையும் நடந்துபோய்க் காட்டுங்கள். மீதியை அந்தந்த வேலை தொடங்கும் காலையில், ஐந்து நிமிடம், அந்த இடத்திலேயே நின்று சொல்லுங்கள்.

'யார் சொன்னால்' என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழகுநர் அடிபடுவது பல நேரம் தன் வேலையில் இல்லை. 'ஏ தம்பி, இதைக் கொஞ்சம் பிடி' என்று யாரோ கூப்பிட்ட வேலையில்தான். பிளம்பர் கூப்பிடுவார், கம்பி கட்டுபவர் கூப்பிடுவார், லாரியிலிருந்து சாமான் இறக்க டிரைவர் கூப்பிடுவார். மறுத்தால் திமிர் பிடித்தவன் என்பார்களோ என்று பையனும் ஓடுவான். ஆகவே ஒவ்வொரு பையனுக்கும் ஒரே ஒரு குருவை நியமியுங்கள். வேறு யார் எதைச் சொன்னாலும் 'அவரைக் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்ல அவனுக்கு அனுமதி உண்டு என்பதை எல்லா ஆட்கள் முன்னாலும் அறிவியுங்கள். புதியவர்களுக்கு வேறு நிறத்தில் ஹெல்மெட் கொடுப்பது இதற்கு நன்றாக உதவும். தூரத்திலிருந்தே 'இவன் பழகுகிறவன்' என்று கிரேன் ஓட்டுபவருக்கும் தெரியும்.

இனி கிரைண்டர். அங்கே நடந்தது பையனின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அடுத்த பையனுக்கும் அதேதான் நடக்கும். 115, 125 மி.மீ. சிறு மெஷின்களிலும் 180, 230 மி.மீ. பெரிய மெஷின்களிலும் டிஸ்க் நடுத்துளை பெரும்பாலும் ஒரே அளவுதான், ஏறத்தாழ 22 மி.மீ. பெரிய டிஸ்க் தேய்ந்து சிறியதானதும் சின்ன மெஷினில் கச்சிதமாக உட்காரும். 'வீணாக்குவானேன்' என்று மாட்டிவிடுவார்கள். ஆனால் 180 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்றுக்கும், 230 மி.மீ. டிஸ்க் சுமார் 6,600 சுற்றுக்கும் செய்யப்பட்டது. சிறு மெஷின் ஓடுவதோ 11,000 சுற்று. டிஸ்க்கை வெளிநோக்கிப் பிய்க்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 8,500 சுற்றுக்குச் செய்த டிஸ்க் அதே அளவில் 11,000 சுற்று ஓடினால், விசை ஏறத்தாழ 1.7 மடங்கு. தேயத் தேய அது ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல், எத்தனை முறை கீழே விழுந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. முழுசாகத் தேயாத டிஸ்க் கார்டுக்குள் அடங்காததால் கார்டையும் கழற்றியிருப்பார்கள். ஆக, உடைய வேண்டிய டிஸ்க்கை மாட்டியதும், உடைந்தால் தடுக்க வேண்டிய தகட்டை எடுத்ததும் ஒரே கை. அது பையனுடைய கையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கற்றுக்கொடுக்கும் விதத்துக்கும் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்கு வந்து குவிந்த புதிய ஆட்களை விரைவாகப் பழக்க ஒரு நான்கு படி முறையை உருவாக்கினார்கள்: ஆளைத் தயார்செய்வது, காட்டுவது, செய்யவைப்பது, பிறகு விட்டுவிடாமல் கண்காணிப்பது. இன்றுவரை கைத்தொழில் கற்பிக்க அதைவிட எளிய வழி வரவில்லை. நாம் வழக்கமாகச் செய்வது இரண்டாவது படியை மட்டும்தான், அதுவும் அவசரமாக.

கிரைண்டரை எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் பையனிடம் கொடுத்து, மெஷின் மேல் எழுதியிருக்கும் சுற்று எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கில் எழுதியதையும் படிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் எண் மெஷின் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்த டிஸ்க் குப்பைக்கு. டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்; டிஸ்க்கைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் ஈரம் பட்டும் நாட்பட்டும் பலமிழக்கும். பிறகு கார்டு: உடலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வரும்படி திருப்பி இறுக்க வேண்டும். பக்கக் கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு. டிஸ்க் மாற்றியதும் யாரும் இல்லாத பக்கம் நீட்டி அரை நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். உடைய வேண்டிய டிஸ்க் அப்போதே உடையட்டும்.

இதை முதலில் நீங்கள் வாய் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். அடுத்து மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிச் செய்யுங்கள். மூன்றாவது முறை பையன் வாயால் சொல்ல, அவன் சொன்னதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். கார்டைச் சொல்ல மறந்தால் நீங்களும் கார்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அவனே கண்டுபிடிப்பான். நான்காவது முறை அவனே சொல்லி அவனே செய்வான். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மருத்துவமனையில் ஒரு நாள் போனது.

வெட்டும் முறையிலும் இரண்டு விஷயங்களை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். ஒன்று, வெட்டு டிஸ்க்கின் பக்கவாட்டால் தேய்க்கக் கூடாது. அது ஓரத்தால் வெட்டுவதற்கு மட்டும் செய்த மெல்லிய பொருள், பக்க அழுத்தம் தாங்காது. இரண்டு, கம்பியின் இரு முனையையும் தாங்கிவைத்து நடுவில் வெட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் கம்பி தொய்ந்து வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும். மெஷின் பின்னால் எகிறும். வெட்டி விழும் பக்கம் தொங்கலாக இருக்க வேண்டும், மற்றப் பக்கத்தை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். உடம்பு டிஸ்க்கின் நேர்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருக்க வேண்டும். தளர்ந்த சட்டைக் கையும் துணிக் கையுறையும் சுழலும் டிஸ்க்குக்கு அருகில் வேண்டாம்.

கெட்டிக்காரப் பையன் என்கிறீர்கள். மூவரில் நான் அதிகம் கவலைப்படுவது அவனைப் பற்றித்தான். மந்தமாகக் கற்பவனை யாரும் தனியே விட மாட்டார்கள். ஒரு தடவையில் பிடித்துக்கொள்பவனிடம் மறுநாளே மெஷினைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். அவன் பிடித்துக்கொண்டது கையசைவை. டிஸ்க் கவ்வினால் என்ன ஆகும், ஏன் இந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அவன் பார்க்கவே இல்லை. எல்லாம் சரியாக நடந்த ஒரு தடவையைத்தான் பார்த்தான்.

ஏணியில் வழுக்கி விழுவதற்குக் காரணம் அநேகமாகச் சாய்வுதான். மேல்முனை சாய்ந்திருக்கும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்: 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர். இதைவிட அதிகம் தள்ளினால் கால் வழுக்கும், குறைத்தால் ஆளோடு பின்னால் கவிழும். பையன் சரிபார்க்க எளிய வழி: ஏணியின் காலடியில் கால்விரல் தொடும்படி நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டினால், உள்ளங்கை ஏணியின் குறுக்குப் படியில் பட வேண்டும். மேல்தளத்துக்கு ஏறும் ஏணி, தளத்துக்கு மேல் ஒரு மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இறங்கும்போது பிடிக்க ஒன்று வேண்டுமல்லவா? மேலே கட்ட வேண்டும். கட்டும்வரை கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். கையில் சாமானோடு ஏறக் கூடாது. இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். சாமானைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கலாம். பெல்ட் பக்கிள் ஏணியின் இரு பக்கக் கால்களைத் தாண்டி வெளியே போனால் எட்டுகிறான் என்று பொருள். இறங்கி ஏணியை நகர்த்தச் சொல்லுங்கள். ஒயரிங் பழகுபவனுக்கு உலோக ஏணியே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஏணி ஏறி இறங்குவதற்கு. அதன் மேல் நின்று அரை மணிக்கு மேல் செய்யும் வேலைக்குச் சாரமோ மேடையோ போட வேண்டும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. சாரத்தில் ஏற்றும் முன் பையன் தரையில் நின்றபடியே சாரத்தைப் படிக்கக் கற்க வேண்டும். அடிக்கால்கள் தகட்டின் மேலா, சும்மா மண்ணிலா? கட்டடத்தோடு இணைக்கும் கட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா? வெளிப்பக்கத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் குழாய், நடுவில் இன்னொன்று, காலடியில் 15 செ.மீ. உயர விளிம்புப் பலகை உண்டா? பலகைகள் இடைவெளியில்லாமல் நிரப்பியிருக்கின்றனவா? பலகை முனை, தாங்கும் குழாயைத் தாண்டி 5 செ.மீ.க்குக் குறையாமலும் பலகைத் தடிப்பைப் போல் நான்கு மடங்குக்கு மிகாமலும் நீண்டிருக்க வேண்டும். 38 மி.மீ. பலகை என்றால் 15 செ.மீ. வரை. குறைந்தால் நழுவி விழும். மிஞ்சினால் முனையில் கால் வைத்ததும் மறுமுனை எழும்பி ஆளைக் கொட்டிவிடும். ஆபத்து அடியில் ஒளிந்திருக்கும் இந்தப் பலகையைப் பழகுநர் கண்ணால் கண்டுபிடித்துச் சொன்னால், ஏறத் தயாராகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும், பிறகு வாரம் ஒருமுறையும், பலத்த காற்றோ மழையோ அடித்த பின்னும் நீங்கள் சாரத்தைப் பரிசோதிக்கும்போது அவனைக் கூட வைத்துக்கொண்டு, குறையை அவனையே முதலில் சொல்லவிடுங்கள்.

அடுத்து முதல் அடுக்கு. முழுக் கைப்பிடி உள்ள மேடையில், குரு பக்கத்தில் நிற்க, அவன் ஏற்கெனவே தரையில் நன்றாகப் பழகிய வேலையை மட்டும் கொடுங்கள். உயரமும் புதிது, பூச்சு வேலையும் புதிது என்றால் கவனம் கரண்டியில் போய்விடும், கால் எங்கே இருக்கிறது என்று மறந்துவிடும். அந்த அடுக்கில் தடுமாற்றம் இல்லாமல் பழகியபின் மேலே போகலாம். சாரத்தைக் கட்டுவதும் பிரிப்பதும் தனித் தொழில். உங்கள் மூன்று பேருக்கும் இப்போது அது கிடையாது. 'பூச்சுக்கு இடிக்கிறது, அந்தக் கட்டைக் கழற்று' என்று பையனை ஏவுவதுதான் சாரம் முழுதாகச் சாய்வதற்கு வழக்கமான ஆரம்பம்.

'பாதுகாப்பு பெல்ட் போட்டுவிட்டேனே' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். கணக்குப் பாருங்கள். கொக்கிக் கயிறு 2 மீட்டர். விழும் அதிர்ச்சியை உறிஞ்சும் பொட்டலம் விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரைக்கு மேல் ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஆறே கால் மீட்டர் வெற்றிடம் இல்லாவிட்டால், பெல்ட் பிடிக்கும் முன் ஆள் தரையில் இருப்பான். நாலு மீட்டர் உயர மேடையில், காலடிக் குழாயில் கொக்கியை மாட்டுவது வெறும் சம்பிரதாயம். அங்கே கைப்பிடிக் குழாய்தான் உயிர் காக்கும். உயரமான இடங்களில் முழு உடல் பெல்ட், தலைக்கு மேலே பலமான பிடிமானம் இரண்டும் வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும் ஆளைப் பிடிக்கச் செய்ததல்ல, முதுகையும் வயிற்றையும் சேதப்படுத்தும். தொங்கும் ஆளைச் சில நிமிடங்களில் இறக்க என்ன ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும்.

சாரத்தைவிட ஏமாற்றும் இடம் தளத்தில் விட்ட ஓட்டைகள். குழாய்க்கும் படிக்கட்டுக்கும் விட்ட திறப்பின் மேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டுவைப்போம். சுத்தம் செய்யச் சொன்ன பையன் அதைக் குனிந்து தூக்குவான்; பலகை முகத்தை மறைக்கும்; ஒரு அடி முன்னே வைப்பான். விழுந்தது எங்கே என்று அவனுக்கே தெரியாது. மூடியை ஆணியடித்து, 'ஓட்டை, எடுக்காதே' என்று பெரிதாகப் பெயின்டால் எழுதுங்கள்.

சென்ட்ரிங் பையனுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று. கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.4 டன். 15 செ.மீ. தளம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 360 கிலோ, அதற்கு மேல் ஆட்களும் கம்பியும் வைப்ரேட்டரும். ஒரு முட்டு சாய்ந்திருந்தாலோ, காலடியில் இளகிய மண்ணோ செங்கல் துண்டோ இருந்தாலோ அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போகும், அவையும் வரிசையாகப் போகும். கான்கிரீட் கொட்டும்போது தளத்துக்கு அடியில் பழகுநர் எவரும் நிற்கக் கூடாது. முட்டு எடுப்பது பொறியாளர் எழுத்தில் சொன்ன நாளில் மட்டும். 'கெட்டியாகத்தானே இருக்கிறது' என்று தட்டிப் பார்த்து முடிவுசெய்வதற்கில்லை.

ஒயரிங் பழகுபவனுக்கு முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் போக்குங்கள்: எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஆளைக் காப்பாற்றாது, ஒயரைத்தான் காப்பாற்றும். 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியருக்கு மேல்தான் அசையும். மனித உடலைக் காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். வேலையிடத்தில் கையால் பிடிக்கும் எந்த மெஷினும் அந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் ஓட வேண்டும். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானைத் தினமும் காலையில் அழுத்திப் பார்க்கும் பொறுப்பைப் பையனுக்கே கொடுங்கள். 'லைன் ஆஃப் பண்ணியாச்சு' என்று இன்னொருவர் சொன்னதை நம்பித் தொடுவது அவனுக்கு ஒருபோதும் பழக்கமாகக் கூடாது. தானே அணைத்து, பூட்டு போட்டு, சாவியைத் தன் பையில் வைத்து, பெயர்ச் சீட்டைத் தொங்கவிட வேண்டும். பிறகு சோதனைக் கருவியைக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் ஒயரில் வைத்துப் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனை எதற்கென்றால், நடுவில் கருவியே கெட்டுப்போயிருந்தாலும் 'கரண்ட் இல்லை' என்றுதான் காட்டும். பல்பு எரியும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்புயரத்துக்கு மேல் தோண்டிய, பக்கத்தாங்கல் இல்லாத பள்ளத்தில் பழகுநர் இறங்கக் கூடாது, 'ஒரு நிமிடம்தான்' என்றாலும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். மார்பு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளிக் கொட்டுங்கள். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். பட்டவுடன் எரியாது, மாலையில் புண்ணாகத் தெரியும். முழங்கால் ஊறிய பேன்ட், கலவை உள்ளே போன கையுறை இரண்டும் வெறும் தோலைவிட மோசம். உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம். கல், டைல், கான்கிரீட் வெட்டும் தூசியில் நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. தண்ணீர் விட்டு வெட்டுவதே முதல் வழி, முகத்தில் ஒட்டி உட்காரும் வடிகட்டி முகமூடி அதற்கு அடுத்தது. கைக்குட்டை கட்டுவது ஒன்றும் செய்யாது.

வெயிலை யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடும் வெப்பத்தில் புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு நேரத்துக்கு வரலாம். வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களில் இறப்பவர்களே. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும்.

17 வயதுப் பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபத்தான வேலைக்கு 18 வயது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973, 1999 உடன்படிக்கைகளின் அடிப்படை. தகுந்த பயிற்சியும் முழுப் பாதுகாப்பும் இருந்தால் 16 வயதிலிருந்து அனுமதிக்க அவை இடம் தருகின்றன, ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான். பல இடங்களில் கட்டட வேலையே 18-க்குக் கீழ்த் தடை. சட்டம் இடம் தந்தாலும், 18 ஆகும்வரை அவனுக்குச் சாரம், பள்ளம், மின்சாரத்தில் ஓடும் வெட்டு மெஷின், கனமான மூட்டை நான்கும் வேண்டாம் என்பேன். தரையில் வரிக் கல் அடுக்க, மட்டம் பார்க்க, தூக்குக்குண்டு பிடிக்க, அளவெடுக்க, கலவை விகிதம் பழக அவனுக்கு நிறைய இருக்கிறது.

வேலை தாமதமாகுமா? ஆகும். எவ்வளவு என்பது உங்கள் கையில். பழகுநரை, செய்த வேலையின் அளவுக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் கொத்தனாரிடம் விட்டால், அவர் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியிலிருந்து போகிறது. நல்ல மனிதராக இருந்தாலும் நாலு நாளில் பையனைச் செங்கல் சுமக்க அனுப்பிவிடுவார். கற்றுக்கொடுப்பவருக்கு அந்த வாரங்களில் நாள் கூலி கொடுங்கள், அல்லது இலக்கைக் குறையுங்கள். பழகுநருக்குப் பீஸ் ரேட் வேண்டவே வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பையனுக்கு ஒரு பக்கம், வரிக்கு ஒரு வேலை: ஏணி வைப்பது, கிரைண்டரில் டிஸ்க் மாற்றுவது, கம்பி வெட்டுவது, முதல் அடுக்குச் சாரம் என்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: பார்த்தான், கூடச் செய்தான், கண்முன்னே தனியாகச் செய்தான், தனியே விடலாம். தேதி போட்டுக் குரு கையெழுத்திடட்டும். நான்காவது கட்டத்துக்கு முன், மூன்றாவது வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று மாதம் தொடாத வேலை என்றால் மறுபடி மூன்றாவது கட்டத்துக்கு இறக்குங்கள். ஒருவன் ஏன் இன்னும் சாரத்தில் ஏறவில்லை என்று கேட்டால், புத்தகத்தைத் திறந்தால் போதும்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நூலிழையில் தப்பியவற்றுக்கு ஒதுக்குங்கள்: விழுந்த சுத்தியல், ஆடிய பலகை, சுர்ரென்று அடித்த மெஷின். சொன்னவனைத் திட்டினால் அடுத்ததை மறைப்பான். கார்டு இல்லாத அந்த கிரைண்டரை உங்கள் பையனுக்கு முன்பே யாராவது கையில் எடுத்திருப்பார்கள், உறுத்தியும் இருக்கும். சொல்லும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

வெட்டுப்பட்டவனை மறுபடி விடலாமா என்றால், விடலாம். தையல் பிரித்து, கைப்பிடி வலு திரும்பி, மருத்துவர் சரி என்ற பிறகு, முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். பயம் இருந்தால் தள்ளாதீர்கள். முதல் இரண்டு நாள் பிளக் போடாமல் டிஸ்க் மாற்றவும் கார்டு திருப்பவும் மட்டும் கொடுங்கள், பிறகு குரு வெட்ட அவன் கம்பியைத் தாங்கி இறுக்கட்டும். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வேலையிடத்திலுள்ள எல்லா டிஸ்க்கையும் ஒரே இடத்தில் கொட்டி, எண்ணை மெஷின் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாததையும் விரிசல் விட்டதையும் எழுத்து அழிந்ததையும் இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.